கச்சானாக யார் நடிக்க வேண்டும்?

கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. எங்கள் குமரிக் கடற்கரையில் பெரியவர்கள் காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள், வாடை, கொண்டல், கச்சான் என்று, வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரரைச் சொல்வது போல. நான் எழுதி வைத்திருக்கிற சூப்பர் ஹீரோ கதையில் பையனுக்கு ஊர் வைக்கிற பெயரும் அதுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணக்குடி பக்கம் ஒரு பையன், எட்டாம் வகுப்பு படிக்கிறான். காற்று வருவதற்கு முன்னால் அவனுக்கு அது கேட்கும். முதலில் அரை நிமிடம் முன்னால், அப்புறம் ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு நாள். அவன் கேட்கப் பழகப் பழக, காற்றும் அவன் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது. பறப்பது, படகைத் தூக்குவது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று ஒரு ஊரையே காப்பாற்றுவது எல்லாம் இடைவேளைக்குப் பிறகு. முதல் பாதி முழுக்க அவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29 ராத்திரியும் மறுநாள் காலையும் ஒக்கிப் புயல் எங்களைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது, அதெல்லாம் கரையில் இருந்தவர்களின் கஷ்டம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பல நாள் முன்னாலேயே கிளம்பியிருந்தார்கள், அவர்களில் எத்தனையோ பேருக்குச் சேதி போய்ச் சேரவே இல்லை. ஒரு நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என்ற பேச்சு இன்றைக்கும் இந்தக் கரையில் ஓயவில்லை. அந்த யாராவதைத்தான் நான் எழுதியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிற என் கூட்டாளியிடம் நாற்பது பக்கத்தையும் அனுப்பினேன். படித்துவிட்டு போன் பண்ணினான், கதை பிடித்திருக்கிறது, ஆனால் பையனை முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பெரியவனானதும் ஒரு முப்பது வயது ஹீரோவைப் போட்டால்தான் யாராவது காது கொடுத்துக் கேட்பார்கள் என்றான். வியாபாரமாகப் பார்த்தால் அவன் சொல்வது தப்பில்லை. ஆனால் கச்சான் பதின்மூன்று வயதுப் பையனாக இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. அவன் சொல்வதை யாரும் நம்பாததுதான் கதை. முப்பது வயது ஆள் கடற்கரையில் நின்று புயல் வருகிறது என்று சொன்னால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், எட்டாம் வகுப்புப் பையன் சொன்னால் "போலே, போய்ப் படி" என்பார்கள்.

இது வெளிநாட்டுக்காரர்களுக்கும் பிடிபட நாளான விஷயம்தான். ஸ்பைடர்மேன் பள்ளிக்கூடத்துப் பையன். 2002 படம் வந்தபோது அதில் நடித்த டோபி மக்வயருக்கு வயது 26. 2012 படம் வந்தபோது ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு 28. இரண்டு பேரும் நல்ல நடிகர்கள், குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனாலும் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு அவர்கள் நடக்கும்போது கல்லூரி முடித்த அண்ணன் தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. 2015 ஜூனில் டாம் ஹாலண்டை அறிவித்தபோது அவருக்கு 19. சிறு வயதிலேயே லண்டன் மேடையில் நடன நாடகத்தில் நடித்தவர், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர், குட்டிக்கரணம் அடிக்கிற வீடியோக்களையும் சேர்த்து அனுப்பித்தான் அந்த வாய்ப்பைப் பிடித்தார். படம் பார்க்கும்போது முதல் தடவையாக அந்தப் பையனுக்காகப் பயந்தேன். அடி வாங்கினால் வலிக்கும் என்று தோன்றிய உடம்பு அது.

இன்னொரு விஷயமும் ஹாலண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லண்டன்காரர், நடிக்க வேண்டியது நியூயார்க் பையனாக. அதற்காக அங்கே பிராங்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேறு பெயரில் சேர்ந்து மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மெனக்கெடலை நான் மதிக்கிறேன். வெளியூர்ப் பையன் வந்து நம் பேச்சைக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கூட்டாளி கேட்டபோதும் இதைத்தான் உதாரணம் காட்டினான். கற்றுக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாளில் முடியாது, மூன்று மாதத்திலும் முடியுமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் இங்கே ஒரு பேச்சு இல்லை. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்து நாஞ்சில்நாட்டுப் பேச்சு வேறு, அங்கே "அவிய சொன்னாவ" என்பதில் இருக்கிற இழுவை தனி. விளவங்கோடு பக்கம் போனால் "கொள்ளாம்" என்று மலையாளம் கலந்து வரும், மரச்சீனிக் கிழங்குக்கும் மீனுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்லில் பாராட்டு முடிந்துவிடும். கடற்கரைப் பேச்சு இரண்டிலும் சேராது. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, சொல் சட்டென்று வந்து சட்டென்று முடியும். சினிமாவில் நாகர்கோவில்காரன் என்றால் வரிக்கு வரி "மக்கா", "லே" என்று ஒட்டவைத்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்கும்போது உடம்பு கூசும். "எப்பம் வந்தீய?" என்று ஒரு பாட்டி கேட்கும்போது அந்த "எப்பம்" எங்கே அழுந்துகிறது, எங்கே இறங்குகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் கிடையாது, அது அந்த வீட்டில் வளர்ந்தால் வருவது.

2021-ல் வந்த மின்னல் முரளியை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். மலையாளப் படம் பார்ப்பது எங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரி. ஒரு கிராமத்துத் தையல்காரன் சூப்பர் ஹீரோ ஆகலாம் என்பதை அது காட்டிவிட்டது, அந்தப் படத்துக்கு நான் பட்ட கடன் அது. அதில் குரு சோமசுந்தரத்தைப் பார்த்த அன்றைக்கே கச்சானின் ஆசானாக அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகிய உடம்பு, அசையாமல் நின்றே பேசும். ஆசான் என்பவர் என் கதையில் அடிமுறை என்கிற எங்கள் பக்கத்துச் சண்டைக்கலையைச் சொல்லித் தருகிறவர். அடிமுறையில் அடிக்கு முன்னால் சுவடு, கால் எங்கே வைக்கிறாய் என்பதுதான் பாடம். உடம்பில் நூற்றெட்டு வர்மப் புள்ளிகள், அதில் பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்று கணக்கெல்லாம் கடைசியில்தான் வரும், அதுவும் ஆசானுக்குப் பையன் மேல் நம்பிக்கை வந்தால். அடிக்கிற இடம் தெரிந்தவனுக்கு விழுந்தவனை இளக்கி எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் ஆசான்மாரின் கணக்கு. சூப்பர் ஹீரோவுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

ஆசான் கிடைத்துவிட்டார். பையன்?

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பன்னிரண்டு வருஷமாகிறது. கல்யாணம், பெயர் விடுதல், கடற்கரை ஊர்களில் புதுநன்மை, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. இத்தனை வருஷத்தில் கேமராவுக்கு முன்னால் நின்ற முகங்களை எண்ண முடியாது. அதில் நான் கண்டது ஒன்று உண்டு. கேமராவைப் பார்த்துச் சிரிக்க, ஆட, வசனம் சொல்லப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வரும், ரீல்ஸ் வந்த பிறகு இன்னும் நன்றாகவே வருகிறது. அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்த முகம் நூற்றில் ஒன்றுதான். எடிட்டிங்கில் உட்காரும்போது அது தெரியும். தாலி கட்டும்போது மாப்பிள்ளையைவிட, பின்னால் நின்று ஐயர் சொல்வதையோ ஃபாதர் சொல்வதையோ உண்மையாகவே கேட்டுக்கொண்டு நிற்கிற ஒரு பெரியப்பாவின் முகத்தில் போய் கை நின்றுவிடும்.

போன மே மாதம் ஒரு புதுநன்மை வீடு. பூசை முடிந்து, வெள்ளை உடையும் தலையில் கிரீடமும் மெழுகுதிரியுமாக நின்ற பெண்பிள்ளையைக் குடும்பத்தோடு எடுத்து முடித்தாயிற்று. சாப்பாடு நடக்கிறது. பெரிய லென்ஸ் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன், அதைச் சோதித்துப் பார்க்க முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து வராந்தாவை எடுத்தேன். அங்கே பிள்ளையின் பாட்டா, அதாவது தாத்தா, வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார், விருந்து நாளிலும் கை சும்மா இருக்காது போல. பக்கத்தில் பிள்ளையின் அண்ணன், பதின்மூன்று வயது. பாட்டா யாரோ விருந்தாளியிடம் ஒக்கி ராத்திரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். வயர்லெஸ் செட்டில் இரைச்சல் தவிர ஒன்றும் வரவில்லை, நாலு நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மகன் போன படகு லட்சத்தீவில் கரை ஏறியது, கூடப் போன படகு வரவில்லை என்றார். ஒக்கியின்போது அந்தப் பையனுக்கு ஐந்து வயது இருந்திருக்கும். இந்தக் கதையை அவன் நூறு தடவை கேட்டிருப்பான். ஆனால் ஃபிரேமில் அவன் முகத்தைப் பாருங்கள், வலையூசியை ஒரு கண்ணிக்குள் நுழைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். "இரைச்சல்" என்று பாட்டா சொன்ன இடத்தில் அவன் கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் செட்டில் ஏதாவது கேட்குமா என்று அவனும் காது வைத்துப் பார்க்கிற மாதிரி. "வரவில்லை" என்றதும் ஊசியை மெதுவாக வெளியே இழுத்தான், முடிச்சு போடவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நான் சேர்த்துச் சொல்கிறேன் என்பீர்கள், ஆனால் வீடியோ இருக்கிறது. பையன் சட்டென்று தெற்கே திரும்புகிறான். இரண்டு நொடி கழித்துத்தான் பந்தல் துணி படபடவென்று அடித்தது.

கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தென்னை ஓலைச் சத்தம் முதலில் கேட்டிருக்கும், அதில் அதிசயம் இல்லை. அதிசயம் இல்லாததால்தான் எனக்கு அவன் வேண்டும். நடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு "காற்று வருகிறது, திரும்பு" என்று நான் சொன்னால் காற்று வந்த பிறகு திரும்புகிற முகமாகத்தான் திரும்பும்.

முன் அனுபவம் இல்லாத பிள்ளையை நம்பி இவ்வளவு பெரிய படமா என்று கூட்டாளி கேட்டான். மிஸ் மார்வல் என்கிற சூப்பர் ஹீரோவாக நடித்த இமான் வெல்லானி கனடாவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண், அதற்கு முன் சினிமாவில் தலைகாட்டியதே இல்லை. நடிகை தேவை என்ற அறிவிப்பு அவருக்கு வந்தது, சொந்தக்கார அம்மா ஒருவர் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்து. 2020-ல் தேர்வாகும்போது 18 வயது. வாட்ஸ்அப்பில் எங்கள் சித்திமார் அனுப்புகிற எதையும் அதற்குப் பிறகு நான் படிக்காமல் விடுவதில்லை.

ஆனால் என்னை உண்மையாக உறங்கவிடாத விஷயம் வேறு. குரல். பதின்மூன்று வயது என்றால் இன்றைக்கோ நாளைக்கோ குரல் உடையும். பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இதற்கு மகரக்கட்டு என்று பெயர். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் ராஜபார்ட் வேஷம் கையை விட்டுப் போய்விடும், திரைக்குப் பின்னால் எடுபிடி வேலைக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் நாடகக் கம்பெனி மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்தான், அந்தக் காலத்து நடிகர்களின் வாழ்க்கையைப் படித்தால் இந்த மகரக்கட்டுப் பயம் எங்காவது எட்டிப் பார்க்கும்.

இதில் எங்கள் ஊர்க் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆடி மாதம் முப்பந்தலில் காற்றாலைக்குக் கீழே நின்று ஒரு சீன் எடுக்கிறோம் என்று வையுங்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை வைத்தால் புறுபுறு என்பதைத் தவிர ஒன்றும் பதிவாகாது, ரோமக் கவர் மாட்டினாலும் பாதி வசனம் போய்விடும். நான் அங்கே ஒரு கல்யாண ஜோடியை எடுத்துப் பட்டிருக்கிறேன். ஆகவே டப்பிங் பேச வேண்டும். வழக்கமாக டப்பிங் எப்போது நடக்கும்? ஷூட்டிங் முடிந்து, எடிட்டிங் முடிந்து, ஐந்தாறு மாதம் கழித்துச் சென்னையில். அதற்குள் பையன் குரல் ஆண்குரல் ஆகியிருக்கும், சென்னைப் பிள்ளை யாரையாவது வைத்துப் பேசவைப்பார்கள், நான் மேலே இவ்வளவு நேரம் எழுதிய "எப்பம்" அத்தோடு முடிந்தது. அதனால் முதல் நிபந்தனையாக எழுதி வைத்திருக்கிறேன்: எடுத்த அன்றைக்கே, நாகர்கோவிலில் ஒரு அறையை மெத்தையும் கம்பளியும் வைத்து அடைத்து, பையன் தன் குரலிலேயே அன்றைய வசனத்தைப் பேசிவிட வேண்டும்.

படம் பாதியில் குரல் உடைந்தால்? உடையட்டும். கதையை அதற்கேற்ப மாற்றிவிட்டேன். காற்று முதல் தடவை அவன் சொன்னதைக் கேட்கிற சீனில் அவன் கத்துகிறான், கத்தும்போது குரல் இரண்டாகப் பிளக்கிறது, அதிலிருந்து அவன் பழைய குரலில் பேசுவதே இல்லை. அந்தச் சீனை முன்கூட்டித் தேதி குறித்து எடுக்க முடியாது, பையனின் தொண்டை எப்போது சொல்கிறதோ அப்போதுதான். தயாரிப்பாளர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்காதீர்கள், ஒத்துக்கொள்கிறவர்தான் தயாரிப்பாளர்.

சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை நடிக்கலாம், ஆனால் 2017-ல் திருத்திய விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் தொடரக் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் வந்ததற்கே ஒரு பிள்ளைதான் காரணம். சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் சம்பாதித்ததையெல்லாம் வீட்டார் செலவழித்துவிட்டார்கள், பெரியவனாகி வழக்குப் போட்டான், 1939-ல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. என் கணக்கில் 20 போதாது, பாதியாவது போட வேண்டும். நடுவில் பதினான்கு முடிந்துவிட்டது, இனி விதி இல்லை என்று பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்கிற வேலையும் கூடாது, கடைசி நாள் வரை அதே ஐந்து மணி நேரம்தான். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அதன் விளிம்பில் கச்சான் நடக்கிற சீன் ஒன்று இருக்கிறது, அதற்கு உடம்பு வேறு ஆள், முகம் மட்டும் தரையில் எடுக்க வேண்டும். அந்தப் பையனின் கால் அந்தக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறக் கூடாது.

உடை பற்றி நிறைய யோசித்தேன், ஆனால் முடிவு சின்னது. பள்ளிக்கூடச் சட்டை, கைலி, அப்பாவின் பழைய மழைக்கோட்டு, அவ்வளவுதான். ஒட்டிப்பிடிக்கிற ரப்பர் உடையை எங்கள் புழுக்கத்தில் ஒரு பிள்ளைக்கு மாட்டிவிட எனக்கு மனசில்லை. மழைக்கோட்டு அவனுக்குப் பெரிதாக இருக்கும், காற்றில் அது உப்பும்போது பறக்கிறவனாகத் தெரிவான், காற்று நின்றதும் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பையனாகத் தெரிவான். எனக்கு இரண்டும் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். ஆல்பம் கொடுக்க என்று போனாலும் இதைக் கேட்கத்தான் போனேன். பையனின் அம்மா கட்டஞ்சாயாவும் அச்சுமுறுக்கும் கொண்டு வைத்தார். படம் இன்னும் இல்லை, காசு போட ஆள் இல்லை, நடக்குமா என்றே சொல்ல முடியாது, ஆனால் நடந்தால் உங்கள் மகன்தான் என்று மனசில் இருக்கிறது அக்கா என்றேன். அவர் அவசரப்படவில்லை. "அவனுக்குப் பரீட்சை எப்பம்னு பாத்துதான் எதுவும் தம்பி," என்றார், "அங்க அவன்கூட ஆரு நிப்பா?" ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பாக நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் நீங்களே வந்து நிற்கலாம் என்றேன். "அப்பம் வீட்ட ஆரு பாப்பா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றும் சொல்லாமல் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பையனைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். முழுக்கச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, பறக்கிற இடத்தில்கூட. முடித்துவிட்டு, "என்ன மக்களே, எப்படி இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான், "அண்ணே, கச்சானுக்குப் பாட்டா உண்டா?"

நாற்பது பக்கத்தில் ஆசான் இருக்கிறார், அம்மா இருக்கிறார், வில்லனுக்குக்கூட ஒரு மாமா இருக்கிறார். பாட்டா இல்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து மூன்றாவது சீனைத் திரும்ப எழுதினேன். வராந்தாவில் வலையோடு ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் பழைய வயர்லெஸ் செட், அது ஓடிக்கொண்டே இருக்கிறது.